வாயால் சொல்லி, விரலால் அடித்த காலம்

போன மாதம் என் பழைய ஆபீஸிலிருந்து தேவிகா போன் செய்தாள். நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்னால் வேலைக்குச் சேர்ந்த பெண். இப்போது கம்ப்யூட்டர் பிரிவுக்கே அவள்தான் தலைவி. ஆபீஸில் மறுபடியும் எதையோ மாற்றுகிறார்களாம். ஆட்கள் எல்லாரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார்களாம்.

“அங்கிள், நீங்க முத தடவ மாறுனப்போ எப்படி இருந்துச்சுன்னு கொஞ்சம் எழுதிக் குடுங்களேன். இவங்க படிச்சிட்டு அடங்குவாங்க லா” என்றாள்.

அடங்க மாட்டார்கள். நாங்கள் மட்டும் அடங்கினோமா என்ன? ஆனாலும் எழுத உட்கார்ந்துவிட்டேன். அவர்களுக்கு உதவுமோ உதவாதோ, எனக்கு அந்த அறையை ஒரு தடவை திரும்பிப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. என் மனைவி கமலா இதைப் படிப்பாள். படிக்கட்டும். கல்யாணமான புதிதிலேயே பாதியை அவளிடம் நானே சொல்லிவிட்டேன். மீதியை அவளே கண்டுபிடித்துவிட்டாள்.

நான் சிலிம் ரிவர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் படிவம் முடித்தேன், டைப்ரைட்டிங் கற்றேன், புந்தோங்கில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துக்கொண்டு ஈப்போவில் தோட்டங்களை நிர்வகிக்கும் கம்பெனி ஒன்றில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். அது எழுபதுகளின் கடைசி. கொஞ்ச வருஷத்தில் கம்பெனி ஒரு கம்ப்யூட்டரை வாங்கி வைத்துவிட்டு, அதன் முன்னால் யாரை உட்கார வைப்பது என்று யோசித்தது. வேகமாக டைப் அடிப்பவன் என்று என்னைப் பிடித்து உட்கார வைத்தார்கள். கோலாலம்பூரில் சில நாள் பயிற்சி. கற்றதில் பாதி, ரயில் தஞ்சோங் மாலிமைத் தாண்டுவதற்குள் மறந்து போயிற்று.

எந்தக் கம்ப்யூட்டரும் எழுந்து நிற்க அடிப்படையாக ஒரு புரோகிராம் வேண்டும். நாம் அடிக்கும் கட்டளையைக் கேட்டு மெஷினை வேலை வாங்குவது அதுதான். எங்கள் மெஷினில் இருந்ததன் பெயர் சி.பி.எம். தீபாவளிக்குத் தோட்டத்துக்குப் போனபோது, “அப்பா, நான் இப்ப சி.பி.எம்.ல வேல செய்றேன்” என்றேன் பெருமையாக. காட்டுக்குள் துப்பாக்கியோடு இருந்த கம்யூனிஸ்டுகளின் கட்சிக்கும் ஆங்கிலத்தில் அதே மூன்று எழுத்துதான். அப்பா கடித்த முறுக்கைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

“டே, மெதுவா பேசு. பக்கத்து வீட்டுக்கு மாத்தா மாத்தா விருந்தாளி வந்துருக்கான்” என்றார். மலாய்க்காரர்கள் போலீஸ்காரரைச் சொல்லும் சொல் அது. விஷயத்தை விளக்கியதும் அவருக்கு இன்னும் கோபம் வந்தது. “பெட்டின்னா பெட்டின்னு சொல்லித் தொலையேன்டா!”

எங்கள் அறைக்கு மேலதிகாரி தர்மலிங்கம் சார். கம்பெனியின் தோட்டம் ஒன்றில் கிராணியாக, அதாவது ஆபீஸ் எழுத்தராக, நெடுங்காலம் இருந்துவிட்டு ஈப்போவுக்கு வந்தவர். விடியற்காலையில் ஆட்களை வரிசையாக நிற்க வைத்துப் பெயர் கூப்பிடும் பிரட்டை வருஷக்கணக்காக நடத்தியவர். அதனால் அவருக்குக் கண்ணைவிடக் காதின் மேல்தான் நம்பிக்கை. அந்தக் காலத்துத் திரையில் பச்சை எழுத்து மினுக்மினுக்கென்று ஆடும். இரண்டு வரி படித்தால் சாருக்குக் கண்ணில் நீர் கொட்டும். அதனால் திரையைப் பார்க்கவே மாட்டார். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி, ஜன்னல் வழியே தெரிந்த சுண்ணாம்புக் குன்றைப் பார்த்தபடி நிற்பார்.

அப்படி நின்றபடியே அவர் போட்ட சட்டம் இது: “வாயால சொல்லு. அப்புறம் விரலால அடி.”

அதைச் செய்யும் விதத்தைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். நாங்கள் அடித்த விவரமெல்லாம் டிஸ்கெட் என்ற மெல்லிய தட்டில் பதிவாகும். மெஷினில் தட்டுகளைச் செருக இரண்டு வாய் உண்டு. ஒன்று ஏ, இன்னொன்று பி. வேலை எல்லாம் ஏ-யில் நடக்கும். முடிந்ததும் அதை பி-யில் நகல் எடுத்து வைக்க வேண்டும். தட்டு கெட்டுப்போனால் நகல்தான் கதி. புதுத் தட்டைச் செருகியதும் கன்ட்ரோல் சாவியையும் சி-யையும் சேர்த்து அழுத்தி மெஷினுக்குத் தகவல் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அது கோபித்துக்கொண்டு வேலையை நிறுத்திவிடும். பிறகு நகல் எடுக்கும் கட்டளையை அடிக்க வேண்டும். அடித்ததும் கையை மடியில் வைத்துவிட வேண்டும். மெஷின் என்ன செய்யப் போகிறது என்பதைத் தமிழில் உரக்கச் சொல்ல வேண்டும்.

“பி-க்கு, ஏ-யிலேருந்து, சார்.”

சார் ஒரு கணம் குன்றைப் பார்த்துக்கொண்டிருப்பார். “ம்” என்றால் ரிட்டர்ன் சாவியைத் தட்டலாம். “நில்லு” என்றால் எங்கோ தப்பு.

சி.பி.எம்.மில் நகல் எடுக்கும் கட்டளையின் வழக்கம், போய்ச் சேரும் இடத்தை முதலில் எழுதுவது. முதலில் பி, பிறகு ஏ. நாங்கள் சொன்னதும் அதே வரிசையில்தான். வாயும் விரலும் ஒரே பாட்டைப் பாடின. ஒரு தடவைகூடத் தப்பியதில்லை.

நான் அந்த மெஷின் முன்னால் உட்கார்ந்த அடுத்த வருஷம் லூர்து மேரி வந்தாள். ஆயர் தாவார்க்காரி. ஒப்பந்த வேலை, வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். ஈப்போவில் சித்தி வீட்டில் தங்கி, சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்ததும் பஸ் ஏறி ஊருக்குப் போய் ஞாயிறு பூசை பார்த்துவிட்டுத் திரும்புவாள். அவளுடைய குரல் கொஞ்சம் கரகரப்பு. சளி பிடித்த குரல் என்று நினைத்து முதல் நாளே, “மருந்து சாப்பிடலாமே” என்று சொல்லி அசடு வழிந்தேன். “இது பொறந்ததுலேருந்தே இருக்கு” என்றாள். அந்தக் கரகரப்பை நினைத்தால் இந்த வயதிலும் எனக்கு நெஞ்சுக்குள் என்னவோ செய்கிறது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்வானேன். எனக்கு அவளைப் பிடித்திருந்தது.

பிடித்தால் போய்ப் பேச வேண்டியதுதானே என்று இப்போதைய பிள்ளைகள் கேட்பார்கள். அந்த ஆபீஸில் ஒரு பையனும் பெண்ணும் வேலை சம்பந்தமில்லாமல் இரண்டு வார்த்தை பேசினால், பேச்சு சாயங்காலத்துக்குள் புந்தோங் மாரியம்மன் கோயில் வரை போய்விடும். அதிலும் நான் திருநீறு, அவள் சிலுவை. ஆகவே எங்களுக்குள் இருந்த பேச்செல்லாம் அந்தக் கட்டளைகள்தான். ஒருவர் தோட்டத்திலிருந்து வந்த தாளைப் படிக்க, மற்றவர் அடிப்போம். நாள் முழுதும் அவள் குரல் என் காதிலும் என் குரல் அவள் காதிலும் இருக்கும். ஆனால் சொன்னதெல்லாம் மர எண்ணிக்கை.

ஒரு நாள் அவள் கை மடியில் இருக்க, உரக்கச் சொன்னாள்: “பி-க்கு, ஏ-யிலேருந்து, சாப்டாச்சா.”

சார் திரும்பவில்லை. “அது என்னம்மா ஃபைலு?”

“சோதனை ஃபைல் சார்.”

“ம்.”

ஃபைலுக்குப் பெயர் வைக்க ஆங்கிலத்தில் எட்டு எழுத்துதான் இடம் உண்டு. ‘சாப்டாச்சா’ என்பதை ஆங்கில எழுத்தில் அடித்தால் எட்டே எழுத்து. சாருக்குத் தெரியாமல் என் பசியை விசாரிக்க அளவெடுத்த மாதிரி இருந்தது. மறுநாள் என் முறை வந்தபோது ‘ஆச்சு’ என்று ஒரு ஃபைல் செய்து அதை பி-க்கு அனுப்பினேன். அவள் தாளைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டாள். தாள் ஆடியது. அதற்குப் பிறகு ‘மழைவருது’, ‘தலைவலி’, ‘புதுச்சட்ட’ என்று எத்தனையோ ஃபைல்கள் எங்களுக்குள் போய் வந்தன. எட்டெழுத்துக்குள் அடக்க அவற்றின் உயிரெழுத்தையெல்லாம் வெட்டியிருப்போம். வாயால் சொல்லும்போது முழுதாகத்தான் சொல்வோம். உள்ளே ஒன்றும் இருக்காது. காலி ஃபைல்கள்.

எண்பதுகளின் நடுவில் பழைய மெஷினைத் தூக்கிவிட்டுப் புது மெஷின் வைத்தார்கள். அதில் சி.பி.எம். கிடையாது, டாஸ். கூடவே கோலாலம்பூரிலிருந்து மிஸ்டர் லிம் வந்தார். பார்க்கப் பள்ளிக்கூடப் பையன் மாதிரி இருப்பார், ஆனால் யாரையும் கடிந்து ஒரு சொல் பேச மாட்டார். அவர் சொன்ன செய்தி மட்டும் கடினமானது. மாற்றம் முடிந்ததும் ஒப்பந்தக்காரர்களைப் பற்றித் தலைமை ஆபீஸ் அறிக்கை கேட்கும். நன்றாகச் செய்தவர்கள் நிரந்தரம். மற்றவர்களுக்கு வேலை அத்தோடு சரி.

எங்கள் அறையில் ஒப்பந்தக்காரி லூர்து ஒருத்திதான். வேலை போனால் அவள் ஆயர் தாவாருக்கே திரும்ப வேண்டியதுதான். நான் அவளை எங்கே போய்ப் பார்ப்பேன்?

டாஸ் எங்களைப் படுத்திய பாட்டைச் சொல்லி மாளாது. பழைய மெஷினில் கன்ட்ரோல் சி அடித்தால் அது மரியாதை. இதில் அதை அடித்தால் செய்துகொண்டிருந்த வேலையைப் பாதியில் போட்டுவிட்டு நிற்கும். பழைய பெரிய தட்டின் ஓரத்து வெட்டில் காகிதம் ஒட்டினால்தான் அதில் எழுத முடியும். புதிய சின்னத் தட்டில் ஒட்டினால் எழுதவே முடியாது. எது எதற்கு என்று குழம்பிக் கடைசியில் ஒட்டுவதையே விட்டுவிட்டோம். நகல் எடுக்கும் கட்டளைக்குப் பெயர் காப்பி. “அண்ணே, காப்பி போடவா?” என்று லூர்து என் பக்கத்து மேஜைக்காரரைக் கேட்டதைக் காதில் வாங்கிய பியோன் ராஜு அண்ணன், “எனக்கும் ஒண்ணு, சீனி கம்மியா” என்றார்.

எல்லாவற்றிலும் பெரிய மாற்றம் வரிசை. டாஸில் கிளம்பும் இடம் முதலில், போய்ச் சேரும் இடம் பிறகு. முதலில் ஏ, அப்புறம் பி. மிஸ்டர் லிம் இதைப் பலகையில் எழுதிக் காட்டினார். புரிந்தது என்று தலையாட்டினோம். நிஜமாகவே புரிந்துதான் இருந்தது.

லூர்துவுக்குக் கொடுத்த வேலை மரக்கணக்கு. ரப்பரை வெட்டிவிட்டுப் பாமாயில் தரும் செம்பனை நடுவதற்காக, ஒவ்வொரு தோட்டத்திலும் எந்தத் துண்டு நிலத்தில் எத்தனை மரம், என்ன வயது என்று கம்பெனி கேட்டிருந்தது. பழைய மெஷினிலிருந்து எடுக்க முடியாது, புதிதாகத்தான் அடிக்க வேண்டும். அவள் தனியாக உட்கார்ந்து இரண்டு வாரத்துக்கு மேல் அடித்தாள். பசியாறக்கூட எழுந்திருக்க மாட்டாள். எல்லாம் ஏ-யில் இருந்தது. பி-யில், ஆரம்பத்தில் மிஸ்டர் லிம் செய்து வைத்த அதே ஃபைல்கள், உள்ளே தலைப்புகள் மட்டும் இருக்கிற காலிப் பிரதி.

அன்று மத்தியானம் வேலை முடிந்தது. சார் ஜன்னலோரம் போய் நின்றார். நான் எழுந்து அவள் பக்கம் வந்தேன். லூர்து கட்டளையை அடித்தாள். கையை மடியில் வைத்துக்கொண்டாள். முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

“பி-க்கு, ஏ-யிலேருந்து, சார்.”

நான் கேட்டேன். சரியாக இருந்தது. சார் கேட்டார். “ம்.”

ரிட்டர்னைத் தட்டினாள். மெஷின் கொஞ்ச நேரம் முனகியது. ஃபைல் பெயர்கள் ஒவ்வொன்றாகத் திரையில் இறங்கின. நகல் ஆயிற்று என்று கடைசியில் ஒரு வரி வந்தது. “முடிஞ்சிருச்சு சார்!” என்றாள். பிறகு எனக்குக் காட்டுவதற்காக ஏ-யிலிருந்து ஒரு ஃபைலைத் திறந்தாள். தலைப்பு இருந்தது. கீழே ஒன்றும் இல்லை. அடுத்ததைத் திறந்தாள். அதிலும் இல்லை.

“அலாமாக்” என்றாள், மலாய்க்காரர்கள் ஐயோ என்பதற்குச் சொல்வதுபோல், சத்தமே வராமல்.

வாய் சொன்னது, பி-க்கு ஏ-யிலிருந்து. விரல் அடித்தது, முதலில் பி, பிறகு ஏ. பழைய மெஷினுக்கு அதுதான் சரி. புதிய மெஷினோ பி-யில் இருந்த காலிப் பிரதியை எடுத்து, அவளுடைய இரண்டு வார வேலைக்கு மேலே போட்டு மூடிவிட்டது. தோட்டங்களிலிருந்து வந்த தாள்களை முந்தின நாள்தான் திருப்பி அனுப்பியிருந்தோம்.

மிஸ்டர் லிம் எங்கள் மூவரையும் தம் அறைக்குக் கூப்பிட்டார். மலாயும் ஆங்கிலமும் கலந்து விசாரணை. அறிக்கைத் தாள் மேஜை மேல் இருந்தது. அதில் லூர்துவின் பெயரையும் எழுதியாயிற்று. அவர் அவளைத் திட்டவில்லை. எப்போதும்போல மெதுவாகத்தான் கேட்டார். வாய்விட்டுச் சொல்லிச் சரிபார்ப்பதுதானே உங்கள் முறை? சொன்னாயா?

“சொன்னேன்.”

“சரியாத்தான் சொன்னா” என்றார் தர்மலிங்கம் சார். “நான் கேட்டேன். மணியும் கேட்டான்” என்று என்னைக் காட்டினார்.

சரியாகச் சொன்னால் எப்படித் தப்பாக அடிக்க முடியும் என்று மிஸ்டர் லிம்முக்குப் புரியவில்லை. தப்பாகச் சொல்லியிருந்தால்தான் இப்படி ஆகும் என்றார். சார் என் தோளைத் தொட்டார்.

“மணி, நீ சிலிம் ரிவர்லேருந்து ஈப்போவுக்கு வந்தேன்னு தமிழ்ல சொல்லு.”

சொன்னேன்.

“இப்ப ஈப்போவை முன்னால வச்சுச் சொல்லு.”

“ஈப்போவுக்கு சிலிம் ரிவர்லேருந்து வந்தேன்.”

“மிஸ்டர் லிம், ரெண்டும் ஒண்ணுதான். இவன் இப்பவும் ஈப்போவுலதான் இருக்கான்.”

எங்கள் பாஷையில் ஊர்ப்பெயரின் வாலில் ‘க்கு’ ஒட்டினால் போகிற இடம், ‘லேருந்து’ ஒட்டினால் வந்த இடம். எதை முன்னால் வைத்தாலும் அர்த்தம் மாறாது என்று சார் விளக்கினார். மெஷினுக்கு அந்த வால் இல்லை. முன்னால் நிற்பது யார், பின்னால் நிற்பது யார் என்று மட்டும்தான் அது பார்க்கும். அதனால்தான் அவள் பழைய வரிசையில் அடித்துவிட்டுச் சொன்னது எங்கள் காதுக்குத் தப்பாகவே படவில்லை.

மிஸ்டர் லிம் இதை என்னிடம் இன்னும் இரண்டு மூன்று விதமாகச் சொல்ல வைத்துக் கேட்டார். பிறகு சிரித்துவிட்டார். எங்கள் கேன்டனீஸில் சொல்லின் இடத்தை மாற்றினால் நீ பஸ் ஏறித் தோட்டத்துக்கே திரும்பிப் போய்விடுவாய் என்றார். அறிக்கையை எடுத்தார். தப்பு ஆளிடம் இல்லை, சரிபார்க்கும் முறையில்தான் இருக்கிறது என்று எழுதினார். எழுதியதை எங்களுக்குப் படித்தும் காட்டினார். லூர்து அங்கேயே அழுதுவிட்டாள். எனக்கும் அழுகை வரும்போல இருந்தது. அவள் போக மாட்டாள். அது ஒன்றுதான் அப்போது எனக்குத் தெரிந்தது.

ஆனால் முறையில் தப்பு என்றால் முறையை மாற்ற வேண்டுமே. மறுநாள் காலை மிஸ்டர் லிம் அறைக்கு வந்து, மிகவும் மரியாதையாகச் சொன்னார். இனி யாரும் கட்டளையை உரக்கச் சொல்ல வேண்டாம். திரையைக் கண்ணால் படித்துச் சரிபாருங்கள். ஆளுக்கு ஒரு மெஷின் வரும், தாளைப் படித்துச் சொல்ல ஆள் தேவையில்லை. ஃபைலுக்குத் தோட்டத்தின் மூன்றெழுத்தும் எண்ணும் தவிர வேறு பெயர் வைக்கக் கூடாது.

தர்மலிங்கம் சார் எங்களைப் பார்த்தார். “கேட்டாச்சுல்ல? கண்ணால பாருங்க. வாய மூடிக்குங்க” என்று சொல்லிவிட்டுத் தம் அறைக்குப் போனார். அதற்குப் பிறகு அவர் அந்த ஜன்னல் பக்கம் வந்து நின்றதே இல்லை.

தோட்டங்களிலிருந்து தாள்கள் திரும்பி வந்தன. லூர்து மரக்கணக்கை முதலிலிருந்து மறுபடியும் அடித்து முடித்தாள், ஒரு வார்த்தை பேசாமல். இரண்டு மெஷின்களின் விசிறிச் சத்தமும் சாவிகளின் சத்தமும்தான் அறையில் இருந்தன. மிஸ்டர் லிம் செய்தது நூற்றுக்கு நூறு சரி. அதன் பிறகு எங்கள் பிரிவில் அந்த மாதிரி ஒரு சிலாப், ஒரு தவறு, நடக்கவே இல்லை. தேவிகா தன் ஆட்களுக்கு அதைத் தாராளமாகச் சொல்லலாம். ஆனால் அன்றிலிருந்து ஓய்வு பெறும் வரை நான் பேச்சில்லாத அறையில்தான் வேலை செய்தேன். எத்தனையோ மெஷின்கள் வந்தன, போயின. ஒவ்வொரு தடவையும் நகல் எடுக்கும்போது பக்கத்திலிருந்து ஒரு கரகரத்த குரல் வரும் என்று என் காது காத்திருக்கும். வராது. அந்தக் குரலைக் கேட்க நான் ஏங்கியதுபோல் வேறெதற்கும் ஏங்கியதில்லை.

லூர்து அங்கே இன்னும் சில வருஷம் வேலை பார்த்தாள். பிறகு சித்தியவானில் ஓர் ஆசிரியரைக் கல்யாணம் செய்துகொண்டாள். தேவாலயத்துக்கும் போனேன், விருந்துக்கும் போனேன். மாப்பிள்ளை நல்ல மனிதர், சத்தமாகப் பேசுகிறவர்.

அவளுக்கு வேலை நிரந்தரமான நாள் ஒரு சனிக்கிழமை. அரை நாள் முடிந்து நானும் அவளும் ஆபீஸ் வாசலில் ஒரே நேரத்தில் வெளியே வந்தோம். தற்செயல் என்று அப்போது நினைத்தேன். பஸ் நிலையம் வரை சேர்ந்து நடந்தோம். யார் வேண்டுமானாலும் பார்க்கட்டும் என்று இருந்தது எனக்கு.

“மிஸ்டர் லிம் கூப்ட்டு லெட்டர் குடுத்துட்டாரு” என்றாள். “பெர்மனன்ட்.”

“ரொம்ப சந்தோஷம்.”

“இனிமே ஈப்போதான். எங்கயும் போவ வேணாம்.”

“ஆமா.”

வெயிலில் நின்றோம். நாளெல்லாம் பேசிப் பழகிய இரண்டு பேருக்குச் சொந்தமாக ஒரு வாக்கியம் வரவில்லை. அதுவரை நான் அவளிடம் சொன்ன எல்லாவற்றையும் மெஷினிடம் சொல்வதாகத்தான் சொல்லியிருந்தேன். இப்போது நடுவில் மெஷின் இல்லை. அவள் கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டே என் முகத்தைப் பார்த்தாள்.

“ஏதாவது சொல்றதா இருந்தா சொல்லுங்க” என்றாள். “நான் சனிக்கிழமைல அவசரமா போவணும்னு ஒண்ணும் இல்ல. அடுத்த பஸ்ல கூடப் போலாம்.”

சொல்ல வேண்டியது எனக்குத் தெரியும். எந்தச் சொல்லை முன்னால் வைப்பது என்றுதான் தெரியவில்லை. அவள் காத்திருந்தாள். ஆயர் தாவார் வழியாகப் போகும் பஸ்ஸின் கண்டக்டர் சித்தியவான், லூமுட் என்று கத்தத் தொடங்கினார்.

“பஸ் வந்துருச்சு” என்றேன்.

அவள் பஸ்ஸைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பியோன், டிரைவர், காவல்காரர், பக்கத்து மேஜைக்காரர் என்று ஆபீஸில் அத்தனை பேரும் அவளுக்கு அண்ணன்மார். என்னை மட்டும் அதுவரை அவள் எந்த முறையும் வைத்துக் கூப்பிட்டதே இல்லை.

“வாரேன், அண்ணே” என்று சொல்லிவிட்டு ஏறினாள்.